கடைசிக் காட்சியில் திருந்தும் குடிகாரன்

நமது சிறுகதைகளிலும் மேடை நாடகங்களிலும் திரைப்படங்களிலும் பெரிதும் நடமாடும் குடிகாரர் இரு வகையினர். ஒருவன் காதலில் தோற்றுக் குடித்தே மடிபவன். 1953இல் வெளிவந்த ‘தேவதாஸ்’ படம் அவனுக்கு ஒரு காவிய மகிமையையே தேடிக் கொடுத்தது. மற்றவன் மனைவியை அடித்து, அவள் தாலியை அடகு வைத்து, ஈற்றில் ஒரு துளிக் கண்ணீரைக் கண்டு போத்தலை உடைத்துத் திருந்துபவன். முன்னவனுக்காக இரங்குகிறோம்; பின்னவனைக் கண்டு திருப்தியடைகிறோம். ஆனால் இருவரையும் நமது கிராமங்களில் காண்பது அரிது.

மாங்கேணிக் கரையில் கரைவலை இழுக்கும் தொழிலாளி ஒருவனைப் பாத்திரமாக்கி, வழமையான முறையில் ஒருவர் கதை எழுதுவதாகக் கொள்வோம். மகள் அழுகிறாள்; தந்தை சத்தியம் செய்கிறான்; போத்தல் உடைகிறது; கதை முடிகிறது. உண்மைக் கதையோ அங்கேதான் தொடங்குகிறது. பல்லாண்டு மதுவுக்கு ஈடுகொடுத்துத் தன்னைச் சரிக்கட்டிக்கொண்ட மூளை, மது திடீரென நின்றதும் கொந்தளிக்கும். சில நாள்களுள் நடுக்கமும் வலிப்பும் சித்தக் குழப்பமும் தோன்றலாம். மருத்துவ உதவி கிட்டாவிடில் உயிரே போகலாம். ஆசிரியர் வாழ்த்தி அனுப்பிய கதாநாயகன் மூன்றாம் நாள் மரணத்தோடு போராடிக்கொண்டிருப்பான்!

அந்த நாள்களைக் கடந்தாலும் சோதனை தீர்வதில்லை. 1954இல் மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஒல்ட்ஸ், மில்னர் என்போர் எலிகளின் மூளையில் நுண்ணிய மின்முனைகளைப் பொருத்தினர். மின்தூண்டலைப் பெறும்பொருட்டு எலிகள் நெம்புகோலை ஓயாது அழுத்தின. இன்பத்தின் இருப்பிடம் கண்டறியப்பட்டது என்று பலரும் எண்ணினர். 1993இல் ரொபின்சன், பெரிட்ஜ் ஆகியோர் இதனைத் திருத்தும் ஒரு கொள்கையை முன்வைத்தனர். நாடுதல் வேறு, சுவைத்தல் வேறு. டோபமைன் என்னும் இரசாயனம் முக்கியமாக நாட்டத்துக்கே உரியது என்றனர். பழக்கம் முற்ற முற்றச் சுவை குன்றலாம், நாட்டமோ பெருகும். பங்கு பிரிக்கும் நேரம், வாடியில் கூடும் நண்பர், கசிப்பின் வாடை ஆகிய ஒவ்வொன்றும் அதனைக் கிளறிவிடும். ஆகவே, மாலையில் குடிப்பவன் காலையில் செய்த சத்தியம் பொய்யன்று. சத்தியம் செய்த மனத்தோடு பழகிய மூளை ஒத்துழைக்கவில்லை என்பதே உண்மை.

எனினும், அனைத்தையும் மூளையின்மேல் ஏற்றிவிட்டு நாம் ஓய்ந்துவிடலாமா? 1877இல் ‘லஸ்ஸொம்வார்’ நாவலை எழுதிய எமில் ஸோலா, கூரையிலிருந்து விழுந்து காயமுற்ற தொழிலாளி கூப்போ குடியில் மூழ்கிப் பித்தேறி இறப்பதை அஞ்சாது காட்டினார். அது அவரது வெற்றி. பரம்பரைக் குணத்தை விதியாக்கியது அவரது குறை. இன்று பரம்பரையின் இடத்தில் மூளையை வைப்போர் அதே குறையையே புதுப்பிக்கின்றனர். வியட்நாமிற் பணியாற்றிய அமெரிக்கப் படையினருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கே ஹெரோயினுக்கு அடிமையாயிருந்தனர். நாடு திரும்பிய முதலாண்டில் அவர்களுள் மீண்டும் அடிமையானோர் ஏறத்தாழ நூற்றுக்கு ஐவரே என்று லீ றொபின்ஸ் 1970களில் கண்டார். அவர்கள் கொண்டு திரும்பியது அதே மூளைதான், மாறியது வாழ்க்கை. 1845இலேயே எங்கெல்ஸ், ஆங்கிலத் தொழிலாளரின் குடியை அவர்தம் வாழ்நிலையோடு பிணைத்து விளக்கியிருந்தார்.

மாங்கேணியை உள்ளடக்கிய வாகரைக் கரையோரம் 2004இல் கடற்கோளையும், 2006–07இல் போரையும் இடப்பெயர்வையும் கண்டது. 2017இல் கல்குடாவில் எழுந்த எதனோல் தொழிற்சாலைக்கு எதிராக மக்கள் குரலெழுப்பவும் நேர்ந்தது. துயரும் வறுமையும் ஒருபுறம்; இலாபமும் வரி வருமானமும் மறுபுறம். இவற்றைச் சொல்லாது குடிகாரனின் மனவலிமையை மட்டும் விசாரிக்கும் கதை, குற்றவாளிகளுட் பலரைத் தப்பவிடுகிறது.

அத்தகைய கதைகளாற் சமூகத்திற்கு நேரும் கேடு சிறிதன்று. ஒரு கணத்தில் திருந்த முடியும் என்று நம்பும் சமூகம், திருந்தாதவனை அடித்துத் திருத்தலாம் என்றும் நம்பும். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் கட்டாயச் சிகிச்சைக்கு வழிவகுத்தது. கந்தகாடு புனர்வாழ்வு நிலையத்தில் 2022 ஜூனில் ஒருவர் இறந்ததையடுத்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். திருந்த வந்த இடத்திலிருந்து மனிதர் உயிருக்கு அஞ்சி ஓடுவாராயின், அதனைப் புனர்வாழ்வு என்று எங்ஙனம் அழைப்பது?

விஞ்ஞானம் நம்பிக்கையையும் தருகிறது. ‘ஐஸ்’ எனப்படும் மெதம்பெற்றமைன் பாவித்தோர் ஓராண்டுக்கு மேல் விலகியிருந்தபோது, டோபமைன் சார்ந்த மூளைப் பகுதிகளில் ஏற்பட்ட சிதைவு ஓரளவு மீண்டதை நோறா வொல்கோவும் துணைவரும் 2001இல் காட்டினர். மீட்சி நிகழ்கிறது, ஆயின் மாதங்களை விழுங்கியே நிகழ்கிறது. இடையில் வழுக்கி விழுதல் அந்நெடும் பயணத்தில் நேரக்கூடியதே, அது துரோகமன்று.

எழுத்தாளர் தம் கதையைப் போத்தல் உடையும் இடத்தில் தொடங்கட்டும். மருத்துவமனைக்குச் செல்லும் பஸ், வேலையிழந்த மாதம், கைவிடாத ஒரு தோழன், இரண்டாம் முறை வழுக்கி விழுந்த இரவு, மறுநாள் மீண்டும் கதவு திறக்கும் மனைவி: இவை அக்கதையில் இடம்பெறட்டும். யதார்த்தத்துக்கும் மனிதாபிமானத்துக்கும் அதுவே உகந்த வழி.