எடை போடப்படாத விமானம்

அறிவியல் இதழில் திரைப்பட விமர்சனத்திற்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். 2015 ஜனவரியில் வெளிவந்த 'ஹவாயிஜாதா' என்னும் இந்திப் படத்தைப் பார்த்த மாணவர்கள், தூக்குவிசையைப் பற்றிய பாடம் நடக்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "ரைட் சகோதரர்களுக்கு எட்டாண்டு முன்பே பம்பாயில் விமானம் பறந்ததாமே, ஐயா?" படம் பாடத்திற்குள் நுழைந்துவிட்ட பிறகு, பாடம் படத்திற்குள் நுழைவதில் தவறில்லை.

விபு புரி இயக்கிய இப்படத்தில் ஆயுஷ்மான் குரானா, சிவ்கர் பாபுஜி தல்படேயாக நடிக்கிறார். மிதுன் சக்ரவர்த்தி அவருக்குக் குருவான சுப்பராய சாஸ்திரி. அரங்க அமைப்பும் ஒளிப்பதிவும் கண்ணுக்கு விருந்து என்பதை மறுப்பதற்கில்லை. பழைய ஏடுகளும் குருவின் அருளும் காதலியின் துணையும் சேர்ந்து விமானம் எழும்பிவிடுகிறது. வெள்ளையர் அரசின் எதிர்ப்பையும் அது வென்றுவிடுகிறது. ஆனால் அது எத்தனை கிலோ எடை, இறக்கையின் பரப்பு என்ன, எந்த வேகத்தில் தரையை விட்டது என்று கேட்டால் படத்திடம் விடை இல்லை. கேட்பவனைத்தான் ரசனையற்றவன் என்பார்கள்.

வரலாற்றை முதலில் பார்த்துவிடுவோம். தல்படே 1895இல் சௌபாத்திக் கடற்கரையில் ஆளில்லாத விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார் என்பது செவிவழிக் கதை. அக்காலத்து உறுதியான ஆவணம் எதுவும் அதற்குக் காட்டப்படவில்லை. சுப்பராய சாஸ்திரி உண்மையில் வாழ்ந்தவர். நம் ஓசூருக்கு அடுத்த ஆனேக்கல்லில் இருந்தவர். 'வைமானிக சாஸ்திரம்' என்னும் நூலை 1918 முதல் 1923 வரை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த முகுந்தா, தேஷ்பாண்டே, நாகேந்திரா, பிரபு, கோவிந்தராஜு ஆகிய ஐவர் 1974இல் அந்நூலை ஆராய்ந்தார்கள். அவர்கள் நூலைக் கேலி செய்து ஒதுக்கவில்லை. படங்களையும் அளவுகளையும் எடுத்துக்கொண்டு, இவை பறக்குமா என்று பொறுமையாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். நூல் 1904க்கு முந்தியதாக இருக்க முடியாது என்றும், அதில் கூறப்பட்ட விமானங்களுக்குப் பறக்கும் தன்மையே இல்லை என்றும் முடிவு செய்தார்கள். படம் வெளிவருவதற்கு நாற்பத்தோராண்டு முன்பே இவ்வளவும் அச்சேறிவிட்டது.

கட்டுக்கதையைப் படமாக்குவது குற்றமன்று. விமானம் கட்டுவது எப்படிப்பட்ட வேலை என்பதைத் தலைகீழாகக் காட்டுவதுதான் என் குறை. ஆசையும் துணிச்சலும் முதலில் தேவைதான். அதன் பிறகு வரும் நீண்ட வேலை முழுவதும் அளப்பதும், எடை போடுவதும், சோதிப்பதும், குறித்துவைப்பதும் ஆகும்.

ஒரு சிறு கணக்கு. விமானம், விமானி எல்லாம் சேர்த்து 300 கிலோ. இறக்கைப் பரப்பு 12 சதுர மீட்டர். தூக்குவிசைக் கெழுவின் உச்சம் 1.2, காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ. தூக்குவிசை எடைக்குச் சமமாக வேண்டுமானால் வேகம் வினாடிக்கு 18.4 மீட்டர், அதாவது மணிக்கு 66 கிலோமீட்டர் இருக்கவேண்டும். மோட்டார் சைக்கிள் போகும் வேகம்தானே என்று தோன்றும். வீட்டில் விமானம் கட்ட நினைப்பவர்களை ஏமாற்றுவது இந்த எளிமையே. எழும்புவது எளிது, நிலைத்துப் பறப்பது வேறு காரியம்.

அதே விமானத்தின் மூன்று சக்கரங்களையும் மூன்று தராசுகளில் நிறுத்துவோம். மூக்கிலிருந்து அரை மீட்டரில் உள்ள முன்சக்கரம் 40 கிலோ காட்டுகிறது. இரண்டு மீட்டரில் உள்ள பின்சக்கரங்கள் தலைக்கு 130 கிலோ. ஒவ்வோர் எடையையும் அதன் தூரத்தால் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையம் மூக்கிலிருந்து 1.8 மீட்டரில் கிடைக்கும். இனி 10 கிலோ கருவிப் பை ஒன்றை வால்பக்கம் நான்காவது மீட்டரில் போடுங்கள். மையம் ஏழு சென்டிமீட்டர் பின்னுக்குப் போய்விடும். சிறு விமானங்களில் மையம் நகர அனுமதிக்கப்பட்ட எல்லை பெரும்பாலும் சில அங்குலங்களே. எல்லை தாண்டிப் பின்னால் போனால், இறகு முன்னும் முனை பின்னுமாக எறிந்த அம்பைப் போல விமானம் புரளப் பார்க்கும். பதினோராம் வகுப்புத் திருப்புத்திறன் கணக்குதான். அதைப் போடாமல் ஏறியவருக்கு ஆகாயத்தில் மறுதேர்வு கிடையாது.

வரைபடத்தை ஒழுங்காகப் பின்பற்றிக் கட்டிய விமானத்திலும் ஒரே ஒரு மாற்றம் உயிரை வாங்கியிருக்கிறது. அமெரிக்கரான பர்ட் ரூட்டன், வீட்டில் கட்டுவோருக்கென்றே 'லாங்-ஈஸி' என்னும் இருவர் விமானத்தை வடிவமைத்து, அதன் வரைபடங்களை விற்றார். நுரைப்பலகையின்மேல் கண்ணாடி இழை ஒட்டிச் செய்யும் விமானம் அது. பாடகர் ஜான் டென்வர் வாங்கியிருந்த லாங்-ஈஸியைக் கட்டியவர், எரிபொருள் தொட்டியை மாற்றும் கைப்பிடியை வரைபடத்தில் இருந்த இடத்தில் வைக்காமல், விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். எரிபொருள் குழாயை விமானியின் அறைக்குள் கொண்டுவர வேண்டாம் என்பது அவர் எண்ணம், நல்லெண்ணம்தான். கைப்பிடியை எட்ட உடலை இடப்புறம் முறுக்கினால் வலக்கால் தன்னையறியாமல் மிதியை அழுத்தும். 1997 அக்டோபர் 12இல் கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் அவ்விமானம் விழுந்தது, டென்வர் இறந்தார். கைப்பிடியின் இடத்தையும், குறியீடு இல்லாத எரிபொருள் அளவு காட்டியையும், புறப்படுமுன் போதிய ஆயத்தம் செய்யாததையும் விசாரணையாளர்கள் காரணமாகக் காட்டினார்கள்.

அதே ரூட்டன் வடிவமைப்பு பெங்களூருக்கும் வந்தது. தேசிய விண்வெளி ஆய்வகத்தார் அதைத் தழுவி ஓர் ஆராய்ச்சி விமானம் செய்து பறக்கவிட்டார்கள். கண்ணாடி இழையில் பெற்ற கைப்பழக்கம் பிறகு 'ஹன்ஸா' பயிற்சி விமானத்திற்கு உதவியது. அது முதலில் பறந்தது 1993இல். சான்றிதழ் பெற்றது 2000இல். இடைப்பட்ட ஏழாண்டுகளில் காதல் காட்சி எடுக்க இடமில்லை என்பது உண்மையே. ஹன்ஸா விமானங்கள் பின்னர் ஓசூரில் செய்யப்பட்டன. சாஸ்திரியாரின் ஆனேக்கல்லுக்குப் பக்கத்தூர் அது என்பது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

படம் பிடிக்கத் தக்க மனிதர்களுக்கும் பஞ்சமில்லை. இடுக்கி மாவட்டத்து சஜி தாமஸ் பிறவியிலேயே கேட்கவும் பேசவும் இயலாதவர். ரப்பர் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைச் சிறுவயதில் பார்த்தவர், வளர்ந்து தாமே ஓர் இலகு விமானம் கட்டினார். 2014இல் அது நம் திருநெல்வேலிச் சீமை மணிமுத்தாறில் பறந்தது. ஓட்டியவர் ஓய்வு பெற்ற விமானப்படை அதிகாரி எஸ்.கே.ஜே. நாயர். அவர் வாழ்க்கையைத் தழுவி 2017இல் 'விமானம்' என்ற மலையாளப் படமும் வந்தது. கட்டியவர் ஒருவர், சோதித்து ஓட்டியவர் அனுபவசாலியான மற்றொருவர் என்ற இந்த ஏற்பாடே அக்கதையின் மிக அறிவுள்ள பகுதி என்பேன். செய்திகளில் அதற்கு ஒரு வரிதான். 'படிக்காத மேதை' என்பதற்குத்தான் கொட்டை எழுத்து.

இதைக் கடுமையாகச் சொல்லக் காரணம் உண்டு. 2021 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில், தாமே ஹெலிகாப்டர் கட்டிய 24 வயது இளைஞர் ஒருவர் அதைத் தரையில் இயக்கிச் சோதித்தபோது சுழலி அலகு உடைந்து தலையில் தாக்கி இறந்தார். அவரிடம் ஆசைக்கும் உழைப்புக்கும் குறைவில்லை. சுழலும் அலகின் வேரில் எவ்வளவு இழுவிசை வரும் என்று கணக்கிட்டுச் சொல்லவும், சோதனையின்போது எங்கே நிற்கவேண்டும் என்று சொல்லவும் பக்கத்தில் ஒருவர் இருந்திருக்கவேண்டும். அப்படி ஒருவரைத் தேடிப் போகவேண்டும் என்ற எண்ணத்தை எந்தப் படம் இளைஞருக்குத் தந்தது?

நமக்கு அருகிலேயே ஒரு கதை கிடக்கிறது. சென்னையில் ஓட்டல் நடத்திய கோர்சிகா தீவுக்காரர் ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ், 1909இல் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடந்ததால் ஊக்கம் பெற்று, சிம்ப்சன் கம்பெனியின் வண்டிப் பட்டறையில் ஓர் ஈரடுக்கு இறக்கை விமானம் செய்வித்தார். 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். 1911 பிப்ரவரியில் அலகாபாத்தில் நடந்த அஞ்சல் விமானப் பயணம் பலருக்கும் தெரியும். அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முந்திய இது தெரியாது. வாலாஜாபாத்திலிருந்து படப்பை, தாம்பரம் வழியாகச் சென்னை போகிறவர்கள் பல்லாவரத்தைத் தாண்டித்தான் போகிறோம்.

அந்நாளைய விமான இறக்கை என்பது மரச்சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டிப் பசை பூசிய துணிதான். பாவு எந்தத் திசையில் ஓடவேண்டும், எவ்வளவு இழுத்தால் துணி தாங்கும் என்பதை எங்கள் ஊர் நெசவாளர் யாரைக் கேட்டாலும் சொல்வார். யாரேனும் ஓர் இயக்குநர் டி ஆஞ்சலிஸின் கதையைப் படமாக்கினால், பல்லாவரத்து மைதானத்திற்குப் போகுமுன் சிம்ப்சன் பட்டறையில் ஒரு மணி நேரம் காமிராவை நிறுத்தட்டும்.