தழும்புள்ள மார்ட்டின்

பென்சில்வேனியாவின் நாசரேத்தில் 1950களில் செய்த மார்ட்டின் டி-18 கிட்டாரை விற்பவர், முதலில் அதன் தழும்புகளைத்தான் சொல்ல வேண்டும். கம்பிகள் ஓயாமல் இழுப்பதால் காலப்போக்கில் கழுத்தின் கோணம் மாறும். கம்பிகள் மேலெழும்பி விரலுக்கு அடங்காது. அதைச் சரிசெய்ய, கழுத்தும் உடலும் சேரும் டவ்டெயில் பொருத்துக்குள் நீராவி செலுத்திப் பசையை இளக்குவார்கள். கழுத்தைக் கழற்றி, அடிப்பகுதியை மயிரிழை அளவு சீவி, மறுபடி பொருத்துவார்கள். இதைவிட அழகான மரவேலை எனக்குத் தெரியாது! ஸ்ப்ரூஸ் மேற்பலகையின் விரிசலை உள்ளே சிறு மரத்துண்டு ஒட்டி நிறுத்தியிருந்தால் அதுவும் பெருமையே. பழைய மெருகைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசுவதுதான் பாவம். விலையும் வெகுவாகச் சரியும். வாங்குகிறவர்களே, ஒலித்துளை வழியே பார்த்து, கழுத்துக் கட்டையில் பொறித்த வரிசை எண்ணைக் கொண்டு ஆண்டை உறுதிசெய்துகொள்ளுங்கள்.