வியாக்கியானியின் வீடு: கூகியின் எழுத்துக்களில் மிஷன் பாடசாலை

ஆபிரிக்க நாவலின் வரலாற்றை ஆராயப் புகும் எவரும் மிஷன் பாடசாலையின் வாயிலைக் கடந்தே செல்லவேண்டியுள்ளது. லெசோத்தோ நாட்டின் தோமஸ் மொபோலோ, மொறிஜாவிற் பிரெஞ்சு மிஷனாரிடம் பயின்று, அவர்களது புத்தகசாலையிற் பணியாற்றியவர். அவரது முதல் நாவல் 1907 இல் அம்மிஷனாரின் ஆதரவிலேயே வெளிவந்தது. ஆயின் அவரது தலைசிறந்த படைப்பான 'சாக்கா', அதே மிஷனாரின் தயக்கத்தினாற் பல்லாண்டு முடங்கிக் கிடந்து, 1925 இலேயே அச்சேறியது. சினுவா அச்செபேயின் தந்தையார் மிஷன் ஆசிரியர். வோலே சொயிங்காவின் தந்தையார் மிஷன் பாடசாலைத் தலைமையாசிரியர். 1958 இல் வெளிவந்த அச்செபேயின் முதல் நாவலில், தந்தையை விட்டு நீங்கும் மகன் சென்றடைவது உமுருவிலுள்ள ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியையே. மிஷன் கல்வி மீதான கடுமையான கண்டனங்களை எழுதியோருட் பெரும்பாலார் அக்கல்வியினாலேயே எழுத்தாளராயினர் என்பதை மறந்துவிட்டு அக்கண்டனங்களை மதிப்பிட முற்படின், பாதி உண்மையே கைக்கு வரும்.

கென்ய நாவலாசிரியர் கூகி வா தியொங்கோ (1938–2025) இவ்வகையிற் சிறப்பாக நோக்கத்தக்கவர். ஏனையோர் ஒருமுறை எழுதிவிட்டு அப்பாற் செல்ல, இவர் ஏறத்தாழ ஐம்பதாண்டுகளாக ஒரே பாடசாலையைத் திரும்பத் திரும்ப எழுதினார். நாவல்களில் அதன் பெயர் சிரியானா. அதன் பின்னணியில் நிற்பது கிக்கூயு என்னும் ஊரில், ஸ்கொத்லாந்துத் திருச்சபை மிஷனின் அயலிலே, புரட்டஸ்தாந்த மிஷன்கள் கூடி 1926 இல் நிறுவிய அலயன்ஸ் உயர்தரப் பாடசாலை. கூகி அங்கு 1955 தொடக்கம் 1958 வரை மாணவராக இருந்தார். 2012 இல் வெளியான நினைவுக்குறிப்பு நூலான 'வியாக்கியானியின் வீட்டில்', புனைபெயரைக் களைந்துவிட்டு அப்பாடசாலையைப் பற்றியே பேசுகின்றது.

முதலில் எழுதப்பட்டு, இரண்டாவதாக 1965 இல் வெளிவந்த நாவல் 'இடையில் ஓடும் ஆறு'. ஹோனியா ஆற்றின் இருமருங்கிலும் எதிரெதிரே நிற்கும் கமேனோ, மகூயு என்னும் இரு மலைமுகடுகள். ஒன்று பழைய வழக்காறுகளின் கோட்டை, மற்றையது கிறித்தவத்தைத் தழுவியது. வெள்ளையரின் வித்தைகளைக் கற்றுக்கொள், அவர்தம் தீயொழுக்கங்களைக் கைக்கொள்ளாதே என்ற கட்டளையுடன் செகே தன் மகன் வையாக்கியைச் சிரியானாவுக்கு அனுப்புகிறான். கல்வியினை ஒரு படைக்கலமாக, பகைவனின் கூடாரத்திலிருந்து கவர்ந்துவரத்தக்க பொருளாகக் கருதும் மனோபாவம் இது. குடியேற்ற நாடுகள் பலவற்றிற் பெற்றோர் மிஷன் பாடசாலையை இவ்வாறே நோக்கினர். பகைவனின் கருவி, அதைக் கையாளும் கையையும் மாற்றிவிடும் என்பதைச் செகே எண்ணிப்பார்க்கவில்லை.

கதையின் திருப்பம் வரலாற்றில் வேரூன்றியது. 1929 இல், பெண்களுக்குச் செய்யப்பட்ட விருத்தசேதனச் சடங்கினைத் துறப்பதாகச் சத்தியஞ் செய்து பெருவிரல் அடையாளமிடுமாறு ஸ்கொத்லாந்து மிஷனார் தம் சபையாரையும் ஆசிரியரையும் வற்புறுத்தினர். மறுத்தோர் பெருந்தொகையினராய் வெளியேறிச் சுதந்திரப் பாடசாலைகளை நிறுவினர். நாவலிற் போதகர் ஜோசுவாவின் மகள் முத்தோனி, தந்தையின் தடையை மீறி அச்சடங்கிற்கு உட்பட்டு இறந்துபோகிறாள். சிரியானாவின் கதவுகள் பழைய வழக்கத்தைக் கைவிடாதோரின் பிள்ளைகளுக்கு அடைபடுகின்றன. வெளியேறும் வையாக்கி மரியோஷோனி என்னுமிடத்தில் மக்களின் பாடசாலையைத் தொடங்குகிறான். இறுதியில் ஜோசுவாவின் மற்றொரு மகள் நியம்புராவை நேசித்தமைக்காகத் தன் மக்களின் சபையிடமே தீர்ப்புக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறான்.

இந்நாவலின் குறைபாடொன்று விமர்சகர்களால் அதிகம் பேசப்படவில்லை. கல்வியே மையப்பொருளாக அமைந்த இந்நூலில் ஒரு பாடமேனும் நடைபெறுவதை வாசகன் காண்பதில்லை. வையாக்கி சிரியானாவிற் கழித்த ஆண்டுகள் சில பக்கங்களில் ஓடிமறைகின்றன. அங்கு அவன் என்ன படித்தான், எதை நம்பினான், எதனால் மாறினான் என்பன தெரியவருவதில்லை. அவன் பின்னர் ஊரெங்கும் கூறித்திரியும் 'கல்வி' என்னும் சொல் உள்ளீடற்ற மந்திரமாகவே ஒலிக்கிறது. இதனை வையாக்கியின் குறை என்று கொள்வாருமுளர். தலைவனாகத் தகுதி பெற்றும் அரசியலறிவு பெறாத ஒருவனை ஆசிரியர் வேண்டுமென்றே அவ்வாறு படைத்தார் என்பது அவர்தம் வாதம். அது ஓரளவே பொருந்தும். இளைஞரான கூகி தாம் அண்மையிலே விட்டுவந்த பாடசாலையை உள்ளிருந்து எழுதுவதற்கு அப்போது ஆயத்தமாயிருக்கவில்லை என்று கொள்வதே பொருத்தம். அந்நாவல் ஜேம்ஸ் கூகி என்ற பெயரிலேயே வெளிவந்தது என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. தாம் பெற்ற கிறித்தவப் பெயரையே இன்னுந் துறக்காத ஒருவரின் நூல் அது.

1964 இல் வெளிவந்த 'அழாதே, குழந்தாய்' சிரியானாவை அவசரகால நிலையின் நடுவே வைக்கிறது. கென்யாவில் 1952 ஒக்ரோபரிற் பிரகடனப்படுத்தப்பட்ட அந்நிலை 1960 வரை நீடித்தது. நிலமிழந்த குடும்பத்தில் ஒரு மகன் காட்டிலே மௌ மௌ போராளி. கடைக்குட்டி ஞொரொகே பரீட்சையிற் சித்தியடைந்து, ஊரவர் சேர்த்துக்கொடுத்த பணத்துடன் சிரியானாவுக்குச் செல்கிறான். பல இனத்துப் பிள்ளைகளும் பகைமையின்றிக் கூடிவாழும் அமைதித்தீவாக அது அவனுக்குத் தோன்றுகிறது. ஒருநாள் காவற்படையினர் வந்து அவனை அங்கிருந்தே இழுத்துச்சென்று சித்திரவதை செய்கின்றனர். கல்வியெனும் நம்பிக்கை ஒரே நாளிற் பொடிபடுகிறது. கூகியின் ஆரம்ப நாவல்களில் இப்பகுதிக்கு ஈடான வலிமை வேறெங்கும் இல்லை.

'இரத்த இதழ்கள்' (1977) வேறொரு கூகியின் நூல். மார்க்சியப் பார்வை தெளிவாகிவிட்ட பின்னர், சிரியானா ஒரு வர்க்கத்தை உற்பத்தி செய்யும் தொழிற்சாலையாகக் காட்டப்படுகிறது. வெள்ளைக்காரத் தலைமையாசிரியர் புரோட்ஷமுக்கு எதிரான வேலைநிறுத்தத்தின் நாயகன் சூயி. முனீரா அவனோடு சேர்ந்து வெளியேற்றப்படுகிறான். ஆண்டுகள் பல கழித்து அதே சூயி கறுப்புத் தலைமையாசிரியனாகத் திரும்பிவந்து, ஆபிரிக்க இலக்கியமும் வரலாறும் கற்பிக்குமாறு கோரும் மாணவரிடம் பழைய ஆங்கில மரபையே வற்புறுத்துகிறான். இம்முறை வெளியேற்றப்படுபவன் கரேகா. சுதந்திரத்தின் பின்னர் ஆட்களின் நிறம் மாறியும் அமைப்பு மாறாமையை இதனிலும் தெளிவாக எடுத்துக்காட்டுதல் அரிது. எனினும் புரோட்ஷம் பாத்திரம் கேலிச்சித்திரமாகவே நின்றுவிடுகிறது. அவரது பெயரிலேயே மோசடியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒளிந்திருக்கிறது. கேலிச்சித்திரம் வாசகனின் கோபத்தை எளிதில் தூண்டும். அத்தகைய ஒருவரால் அறிவுள்ள இளைஞர் பலர் எவ்வாறு ஆட்கொள்ளப்பட்டனர் என்பதை அதனால் விளக்கவியலாது.

அதனை விளக்குவது நினைவுக்குறிப்பு நூலே. அலயன்ஸ் பாடசாலையை 1940 முதல் 1962 வரை நடத்திய கேரி பிரான்சிஸ், கேம்பிரிஜ் பல்கலைக்கழகத்திற் கணித விரிவுரையாளராயிருந்து, அதனை உதறிவிட்டு 1928 இல் மிஷன் ஆசிரியராகக் கென்யாவுக்கு வந்தவர். பேரரசிடம் பற்றுக்கொண்டவர், விடுதலைப் போராட்டத்தை வெறுத்தவர், அதே வேளை பாதுகாப்புப் படையினரின் கொடுமைகளைக் கண்டித்தவர். தம் மாணவரின் அறிவாற்றலைச் சந்தேகியாதவர், அவர்களிடம் மிகையானவற்றை எதிர்பார்த்தவர். இத்தகைய மனிதரே அடிமைப்படுத்தும் கல்வியின் ஆற்றல்மிக்க கருவியாக முடியும். வெறுப்பவனிடமிருந்து மாணவன் விலகிநிற்கக்கூடும்; தன்னை மதிப்பவனிடமிருந்து விலகுவது எளிதன்று. கூகி இதனைக் கோட்பாடாகக் கூறவில்லை. காலைத் துப்புரவு, ஆலய வழிபாடு, விவாத அரங்கு, சாரணியம், ஆண்டுதோறும் மேடையேறும் சேக்ஸ்பியர் நாடகம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக விவரித்துச் செல்கையில், அவற்றிலே மூழ்கிய சிறுவனின் மகிழ்ச்சியையும் மறைக்காது எழுதுகிறார். அச்சிறுவன் சில காலம் தீவிர கிறித்தவனாகவும் இருந்தான். அயற்கிராமங்களில் ஞாயிறு பாடசாலையிற் கற்பித்தான்.

அம்மகிழ்ச்சிக்கு அருகே வைக்கப்படும் செய்தி ஒன்றுண்டு. முதலாந் தவணை முடிந்து விடுமுறைக்கு வீடு திரும்பிய சிறுவன் தன் கிராமம் இருந்த இடத்தில் அதனைக் காணவில்லை. வீடுகள் அழிக்கப்பட்டு, மக்கள் காவலுக்குட்பட்ட புதிய குடியிருப்புக்குள் அடைக்கப்பட்டிருந்தனர். தமையன் காட்டிலே போராளிகளுடன் இருந்தான். நூலகத்தில் அச்சிறுவன் விரும்பிப்படித்ததோ பிக்கிள்ஸ் என்னும் பிரித்தானிய விமானவீரனின் சாகசக் கதைகள். அதே விமானப்படை மலைக்காட்டில் அவனது தமையன்மார் மீது குண்டுவீசிக்கொண்டிருந்தது. பாடநூல், நூலகம், விடுதிக்கட்டில் ஆகியன ஒருவனை எவ்வாறு தன் வீட்டாருக்கே எதிர்ப்புறத்தில் நிறுத்துகின்றன என்பதற்கு இவ்வொரு காட்சி, 1986 இல் கூகி எழுதிய 'உள்ளத்தைக் குடியேற்றத்திலிருந்து மீட்டல்' என்ற நூலின் வாதங்கள் அனைத்தையும் விடக் கூர்மையான சான்றாகும்.

அந்நூலைப் பற்றியும் ஒன்று கூறல் தகும். பாடசாலையிலே தாய்மொழி பேசிய பிள்ளைக்குப் பிரம்படி கொடுத்தமையும், இழிவுரை பொறித்த தகட்டைக் கழுத்தில் மாட்டியமையும் அதிலிருந்தே உலகெங்கும் எடுத்தாளப்படுகின்றன. பெரும்பாலும் அது மிஷனாரின் கொடுமை என்றே மேற்கோள் காட்டப்படுகிறது. கூகி கூறுவது அதுவன்று. அவர் முதலிற் சென்ற மிஷன் பாடசாலையிலும், பின்னர்ச் சென்ற தேசியவாதிகளின் பாடசாலையிலும் ஆரம்ப வகுப்புக்களின் மொழி கிக்கூயுவாகவே இருந்தது. அவசரகால நிலை பிரகடனமாகி, சுதந்திரப் பாடசாலைகள் ஆங்கிலேயரின் தலைமையிலான மாவட்டக் கல்விச் சபைகளின் கீழ்க் கொண்டுவரப்பட்ட பின்னரே அத்தண்டனைகள் வந்தன. மிஷனையும் அரசையும் ஒன்றாகக் கருதிவிடும் விமர்சனம் இவ்வேறுபாட்டைத் தவறவிடுகிறது. மிஷனாரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதற்காக இது கூறப்படவில்லை. 1929 இல் சத்தியம் வாங்கியவர் அவர்களே. அலயன்சில் ஆங்கிலத்தை அரியணையேற்றியவரும் அவர்களே. எனினும் குற்றம் யாருடையது, எந்த ஆண்டினது என்பதைச் சரிவரக் கூறாத கண்டனம் எதிர்வாதத்துக்கே இடந்தரும்.

நினைவுக்குறிப்பின் தலைப்பு ஜோன் பனியனின் 'மோட்சப் பிரயாணம்' நூலிலிருந்து பெறப்பட்டது. ஆபிரிக்க மொழிகள் பலவற்றில் மிஷனாராற் பெயர்க்கப்பட்ட நூல் அது. அதே நூலைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894 இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டமையால், வியாக்கியானியின் வீடு தமிழ் வாசகருக்கும் புதிதன்று. அவ்வீட்டில் ஒரு கூடம், நெடுங்காலம் பெருக்கப்படாதது. ஒருவன் பெருக்கப் புழுதி எழுந்து யாத்திரிகனுக்கு மூச்சுத் திணறுகிறது. ஒரு பெண் நீர் தெளித்த பின்னர் கூடம் தூய்மையாகிறது. புழுதி பாவம், பெருக்குபவன் நியாயப்பிரமாணம், நீர் தெளித்தவள் சுவிசேஷம் என வியாக்கியானி பொருள் விரிக்கிறான். மிஷன் பாடசாலையிற் பெருக்கித் தள்ளப்பட்ட புழுதி எது என்பதே கூகியின் தலைப்பு எழுப்பும் வினா. தாய்மொழியா, தமையனின் போராட்டமா, அழிந்த கிராமமா? அவ்வினாவைத் தலைப்பிலே வைத்துவிட்டு நூல் முழுவதிலும் அவர் விடை கூறாதிருப்பது அவரது ஏனைய நூல்களிற் காணவியலாத அடக்கமாகும்.

கிருஷ்ணபிள்ளை பனியனின் கதையைக் கம்பனின் செய்யுள் மரபுக்குள் கொண்டுவந்தார். பெற்றுக்கொண்ட நூலைத் தன் மொழியின் உடைமையாக்கினார். கூகி 1980 இற் கிக்கூயு மொழி நாவலுக்குத் திரும்பினார். ஆயினும் அலயன்சை நினைவுகூர்ந்த நூலை ஆங்கிலத்திலேயே எழுதினார். அப்பாடசாலை அவருக்கு எம்மொழியில் நிகழ்ந்ததோ அம்மொழியிலேயே அதனை எழுத நேர்ந்தது போலும்.

சிரியானா ஆண்களின் உலகம் என்பதும் கூறப்படவேண்டியதே. முத்தோனியின் உடலே போர்க்களமாகின்றது. சிரியானாவின் வகுப்பறையில் அவளுக்கு இடமில்லை. இவ்வெற்றிடத்தைச் சிம்பாப்வேயின் த்சித்சி டங்கரெம்பா 1988 இல் வெளியிட்ட நாவல் நிரப்புகிறது. தம்பு என்ற சிறுமி தமையன் இறந்தமையினாலேயே அவனது இடத்தில் மிஷன் பாடசாலைக்குச் செல்ல முடிகிறது. அம்மரணத்துக்காகத் தான் வருந்தவில்லை என்று அறிவித்தே அவள் கதையைத் தொடங்குகிறாள். அங்கு தலைமையாசிரியராயிருப்பவர் வெள்ளையர் அல்லர், அவளது பெரியப்பாவே. வீட்டின் ஆணாதிக்கமும் பாடசாலையின் ஒழுங்கும் ஒருவரிடத்தே ஒன்றிணைவதைக் கூகியின் நாவல் எதுவும் காணவில்லை.

மீண்டும் ஞொரொகேயிடம் வருவோம். நாவலில் அவன் சிரியானாவுக்குள்ளிருந்தே இழுத்துச்செல்லப்படுகிறான். நினைவுக்குறிப்பிலோ, அலயன்சில் இருந்த நான்கு ஆண்டுகளும் அம்மதில்கள் கூகியைக் காத்தன. அவர் கைதானது பாடசாலையை விட்டு நீங்கிய பின்னர், 1959 இல், பேருந்துப் பயணமொன்றின்போது. சில நாட்கள் தடுப்புக்காவலில் இருந்து, நீதிமன்றில் தாமே வாதாடி விடுதலையானார். தமக்கு நேராத அத்துமீறலை, மதில்களுக்குள்ளேயே நிகழ்ந்ததாக, ஐந்தாண்டுகளின் பின் நாவலிற் படைத்தார். நினைவுக்குறிப்பின் நேர்மையை மெச்சி, நாவல்களின் சிரியானாவை மிகைப்படுத்தல் என ஒதுக்குவோர் இதனை ஆழ்ந்து நோக்கவேண்டும். அம்மதில்கள் கூகியைக் காத்த அதே ஆண்டுகளில், மதிலுக்கு வெளியே நின்ற எண்ணற்ற ஞொரொகேகளுக்கு அத்தகைய மதில் எதுவும் இருக்கவில்லை.