ஒரு விசை, இரண்டு வேலை

பழங்கால ரிவால்வர் என்றதும் எல்லார் வாயிலும் வருவது கோல்ட். ஆனால் சாமுவேல் கோல்ட் 1836இல் காப்புரிமை வாங்கிய ரிவால்வரில் ஒவ்வொரு குண்டுக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்தியாக வேண்டும். நிறுத்திய சுத்தியலை விடுவிப்பது ஒன்றே விசையின் வேலை. விசையை இழுக்கும் அதே இழுப்பில் சுத்தியல் எழும்ப வேண்டும், உருளை ஓர் அறை நகர வேண்டும், சுத்தியல் விழவும் வேண்டும் என்று முனைந்தவர்கள் வேறு பட்டறைக்காரர்கள். டபுள் ஆக்‌ஷன் என்று பெயர்பெற்ற அந்த மரபு நாட்டுக்கு நாடு வேறு முகம் காட்டியது. சேகரிப்பவர் முதலில் பழக வேண்டியது இந்த முகங்களோடுதான், விலைப்பட்டியலோடு அல்ல.

இந்த வழியில் முன்னால் போனது பெப்பர்பாக்ஸ். அதில் தனி உருளை கிடையாது, குழல்கள் எல்லாம் கொத்தாகச் சுழலும். அமெரிக்காவின் ஈதன் ஆலன் 1837இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பட்டையான சுத்தியல் கண்ணுக்கு நேரே கிடப்பதால் குறி பார்க்க வழியில்லை. மார்க் ட்வெய்ன் ‘ரஃபிங் இட்’ நூலில் இதை வயிறு குலுங்கக் கேலி செய்திருக்கிறார், கேலி நியாயமானதே.

உண்மையான போட்டி 1851இல் லண்டன் பளிங்கு மாளிகைக் கண்காட்சியில் தொடங்கியது. ஒரு பக்கம் கோல்ட், மறுபக்கம் ராபர்ட் ஆடம்ஸ். ஆடம்ஸின் சட்டமும் குழலும் ஒரே இரும்பில் அடித்தவை; கோல்ட்டைப்போலத் திறந்த மேற்பகுதி இல்லை. ஐந்து குண்டு. சுத்தியலில் கட்டைவிரல் பிடிக்கக் கொம்பே கிடையாது, எல்லாம் விசையால்தான். இழுப்பு கனமானது என்பதால் தூரத்துக் குறி தப்பும். ஆனால் கிரிமியப் போரில் கைக்கெட்டும் தூரத்தில் சண்டை போட்ட அதிகாரிகளுக்குத் தேவைப்பட்டது வேகம். 1856இல் ராயல் என்ஜினியர்ஸ் படையின் லெப்டினன்ட் பியூமாண்ட் இரண்டு முறைகளையும் ஒரே பூட்டில் இணைத்தார்: அவசரத்துக்கு விசை, நிதானத்துக்குக் கட்டைவிரல். பின்னால் வந்த டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர்களில் பெரும்பாலானவை இந்த ஏற்பாட்டின் வழிவந்தவை. கோல்ட் 1853இல் லண்டனில் திறந்த தொழிற்சாலை சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது.

பர்மிங்காமின் வில்லியம் டிரான்டர் தன் பங்குக்கு இரண்டு விசை வைத்தார். கீழ்விசை சுத்தியலை ஏற்றும், மேல்விசை சுடும். கையில் எடுத்துப் பார்த்தால் விநோதமாக இருக்கும், ஆனால் பூட்டு வேலை அற்புதம். பிறகு வெப்லி நிறுவனத்தின் காலம். 1868இன் ஆர்.ஐ.சி. மாடல், 1872இன் குட்டையான புல்டாக், 1887இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட, மடித்துத் திறக்கும் மார்க் ஒன்று.

புல்டாக்கை அச்சு அசலாகச் செய்து தள்ளிய ஊர் பெல்ஜியத்தின் லியேஜ். முட்டை வடிவ வளையத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகளைப் பார்த்துவிட்டு அதுதான் கம்பெனி பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. அது சோதனைக்கூட முத்திரை. குழலும் உருளையும் வெடிச் சோதனையில் தாங்கின என்பதற்கு மட்டுமே சான்று. செய்தவர் யார் என்பதை வேறு இடத்தில் தேட வேண்டும். லியேஜ் என்றாலே மட்டம் என்று ஒதுக்குவதும் தவறு. நகான் சகோதரர்கள் அந்த ஊர்க்காரர்கள்தாம். சுடும் நேரத்தில் உருளை முன்னேறிக் குழலோடு ஒட்டி வாயுக் கசிவை அடைக்கும் அவர்களுடைய ஏழு குண்டு ரிவால்வரை ரஷ்யா 1895இல் ஏற்றது.

பிரான்ஸ் வழி அரசாங்க வழி. செந்தெத்தியேன் ஆயுதச்சாலையில் செய்த 1873 மாடலின் குழலில் ஆண்டு பொறித்திருக்கும். படைவீரருக்கான அந்த மாடல் வெள்ளை எஃகாகவே வெளிவந்தது. நீலமேற்றியது அதிகாரிகளுக்கான 1874 மாடல், அதன் உருளையில் பள்ளங்கள் ஓடும். ஆகவே பளபளவென்று நீலமாக ஒரு 1873 வந்தால் பின்னால் யாரோ பூசியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். என் கணக்கில் கைவேலையின் உச்சம் இதுவும் அல்ல, ருடால்ஃப் ஷ்மித் வடிவமைத்த சுவிஸ் 1882தான். 7.5 மில்லிமீட்டர் விட்டம். கடிகார நாட்டுக்காரர் வேலை என்பது ஒவ்வொரு மூட்டிலும் தெரியும்.

கோல்ட் நிறுவனம் டபுள் ஆக்‌ஷனுக்கு வந்தது 1877இல். லைட்னிங், தண்டரர் என்ற அந்த இரண்டும் கையில் அழகாக உட்காரும்; உள்ளே உள்ள சிறு சுருள்களும் நெம்புகளும் சட்டென்று போய்விடும். அமெரிக்கக் கொள்ளையன் பில்லி த கிட் வைத்திருந்ததாகச் சொல்லப்படுவதால் விலை ஏறிக் கிடக்கிறது. நான் அந்தப் பணத்தில் நல்ல டிரான்டர் வாங்கச் சொல்வேன்.

எதை நல்லது என்பது? குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, காலி ரிவால்வரின் விசையை மெல்ல இழுக்கவேண்டும். சுத்தியல் விழும் முன் உருளை தன் இடத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டிய பிறகும் ஆடினால் தேய்மானம். விழும் சுத்தியலைக் கட்டைவிரலால் தாங்கி இறக்க வேண்டும், சும்மா அடிக்கவிடக் கூடாது. சட்டம், உருளை, குழல் ஆகியவற்றில் எண் பொறித்திருந்தால் அவை ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். திருகாணியின் வாய் சிதைந்திருந்தால் உள்ளே யாரோ கைவைத்திருக்கிறார்கள். மெருகுச் சக்கரம் பட்ட இரும்பில் விளிம்புகள் மழுங்கும், பொறித்த எழுத்து ஆழம் குறையும். அதைவிடத் துருவேறிப் பழுப்பான அசல் மேல்.

அரசாங்கச் சட்டத்தின் அளவுகோல் வேறு. அமெரிக்காவில் 1898க்குள் செய்ததா என்பதே கேள்வி. பிரிட்டனில் அதன் தோட்டா இன்று வழக்கொழிந்ததா என்று பார்ப்பார்கள். 2021 விதிகளில் பிரெஞ்சு 11 மில்லிமீட்டர் உட்பட ஏழு தோட்டாக்களை அந்த விலக்குப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு பழைய ஆயுதங்களுக்கு விலக்குத் தருகிறது. ஆனால் வயது மட்டும் போதாது. சுடும் கருவியாகப் பயன்படுத்தும் நோக்கம் இல்லாததாகவோ, பழுதுபார்த்தாலும் சுட முடியாததாகவோ இருக்க வேண்டும். தாத்தாவின் பெட்டியில் வெப்லி ஒன்று கிடைத்தால் அது தொல்பொருள் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ, மாநகரமானால் காவல் ஆணையர் அலுவலகத்திலோ கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.