மஞ்சள் ஏறிய நீர்

ரீஃப் தொட்டியில் பால்போல வெள்ளை படர்ந்தால் உடையவர் பதறிப்போகிறார். அன்றிரவே கடைக்கு ஓடி, நீரைத் தெளியவைக்கும் திரவம் ஒரு பாட்டில் வாங்கி ஊற்றுகிறார். அதே நீர் மாதக்கணக்கில் மெல்ல மஞ்சள் ஏறிக்கொண்டிருந்தால் அவர் கண்ணில் படுவதில்லை. இந்த வரிசை தலைகீழாக வேண்டும் என்பது என் கட்சி. வெள்ளைக் கலங்கலுக்குக் காரணம் தேட அதிக நேரம் ஆகாது. நீரை ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வைத்தாலே பாதி தெரிந்துவிடும். சில நிமிடங்களில் தானாகத் தெளிந்தால் பம்போ ஸ்கிம்மரோ தள்ளிவிட்ட நுண்குமிழி. சில மணி நேரத்தில் அடியில் படிந்தால் பெரும்பாலும் புது அராகனைட் மணலின் தூசி. படியாமல் நிற்கும் வெண்மையில் கொஞ்சம் வெள்ளை வினிகர் விட்டுப் பாருங்கள்: தெளிந்தால் கால்சியம் கார்பனேட், அப்படியே நின்றால் அநேகமாக பாக்டீரியா. பச்சையாக இருந்தால் மிதக்கும் நுண்பாசி. அதற்கு யூவி விளக்கு நன்றாகவே வேலை செய்யும்.

கார்பனேட் பனிபோலப் பொழிந்தால் கால்க்வாசர் என்ற சுண்ணாம்பு நீரின் அளவு மீறியிருக்கும், அல்லது கால்சியத்தையும் பஃபரையும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து ஊற்றியிருப்பார்கள். இயற்கைக் கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 410 மில்லிகிராம் கால்சியமும் 1,290 மில்லிகிராம் மக்னீசியமும் இருக்கின்றன. அந்த மக்னீசியம்தான் கார்பனேட் படிகம் வளரவிடாமல் தடுக்கிறது. ஆகவே இந்தப் பொழிவு அடிக்கடி நிகழ்ந்தால் முதலில் அளக்க வேண்டியது மக்னீசியத்தை. பாக்டீரியா பெருகியிருந்தால் பாறை இடுக்கில் ஏதோ செத்துக் கிடக்கிறது, தீனி அதிகம், அல்லது பாக்டீரியாவுக்கு உணவாக வோட்கா விடும் டோஸிங் கை மீறிவிட்டது. ஆபத்து கலங்கலில் இல்லை, இரவில் ஆக்சிஜன் குறைவதில் இருக்கிறது. தீனியை நிறுத்தி, ஏர் ஸ்டோன் போட்டு, ஸ்கிம்மரை நன்றாக ஓடவிட்டால் பெரும்பாலும் சில நாளில் தெளியும். பாட்டில் திரவம் கலங்கலைத் திரட்டிப் பாறை இடுக்கில் படியவைக்கும். காரணம் இருந்த இடத்திலேயே கிடக்கும்.

மஞ்சள் அப்படித் தானாகப் போகாது. கடல்நீரில் கரைந்திருக்கும் இந்த மஞ்சள் பொருளை ஜெர்மானியக் கடலியலாளர் குர்ட் கல்லே 1930களிலேயே ஆராய்ந்தார். பாசி கசியவிடுவதும் தீனி மக்கி மிஞ்சுவதும் சேர்ந்து உண்டாகும் இதை பாக்டீரியா எளிதில் சிதைப்பதில்லை. ஸ்கிம்மரும் ஒரு பகுதியைத்தான் இழுக்கும். இது புற ஊதாவுக்கு அடுத்தபடி அதிகமாக விழுங்குவது நீல ஒளியை. பவளத்துள் வாழும் ஜூசாந்தெல்லை என்னும் நுண்பாசிக்கு வேண்டியதும் அதே நீலம்தான். ஸ்மித்சோனியனைச் சேர்ந்த வால்டர் ஏடியின், பாசியை வளர்த்து நீரைச் சுத்தமாக்கும் ஆல்கா ஸ்க்ரப்பர் முறை மீது எனக்கு உண்மையான மரியாதை உண்டு. 1987இல் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் திறந்த பெரும் பவளத் தொட்டியே அந்த முறையை நம்பித் தொடங்கியது. ஆனால் நீர் மஞ்சளாகிறது என்ற குறை அந்த முறையைவிட்டுப் போகவே இல்லை. நைட்ரேட் இறங்கிவிட்டது, மீன் நலமாயிருக்கிறது, நிறம் வெறும் கண்ணுக்குத்தானே என்று அதன் அன்பர்கள் கேட்பார்கள். அலையாத்திக் கழிமுகத்தைத் தொட்டியில் அமைப்பவருக்கு அந்த வாதம் பொருந்தும். அக்ரோபோரா வளர்ப்பவருக்கு ஒளியே பவளத்தின் சாப்பாடு. நீரின் நிறம் அதில் பங்கு கேட்கிறது.

மஞ்சளை எடுக்க என் தேர்வு ஆக்டிவேட்டட் கார்பன். பெட்டி மேல் பெட்டியாகக் கருவி விற்கும் இந்தக் காலத்தில், ஒரு வலைப்பையில் அடங்கும் இந்தக் கருப்புக் குருணைக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து தயாராகி உலகெங்கும் போகும் கார்பன் குடிநீருக்கு அருமையானது. ஆனால் அதன் துளைகள் பெரும்பாலும் 2 நானோமீட்டருக்கும் குறைவானவை. மஞ்சள் பொருளில் பெரிய மூலக்கூறுகள் உண்டு. அவை நுழைய அகன்ற துளை வேண்டும். அது நிலக்கரியிலிருந்து எடுத்த கார்பனில் அதிகம், பழுப்பு நிலக்கரியில் இன்னும் அதிகம். பழுப்பு நிலக்கரிக் கார்பனில் ஒரு கேடும் உண்டு. அது சர்ஜன் மீன்களுக்குத் தலையிலும் பக்கக்கோட்டிலும் அரிமானத்தை உண்டாக்குவதை 2011இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அதன் தூசி மீது சந்தேகம் வலுத்தது. எனவே எளிதில் நொறுங்காத நிலக்கரிக் கார்பனை, ஆர்ஓ நீரில் கறுப்பு வராதவரை அலசிப் போடுவதே என் தீர்ப்பு. நுண்கனிமங்களையும் கார்பன் எடுத்துவிடும் என்பார்கள். கொஞ்சம் எடுக்கலாம், ஒழுங்காக நீர் மாற்றினால் அது ஈடாகிவிடும். ஓசோன் இன்னும் வேகமாக வெளுக்கும்; ஆனால் ஓஆர்பி கன்ட்ரோலரும் வெளியேறும் வழியில் கார்பனும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது. எந்த வழியானாலும் மெல்லப் போக வேண்டும். நெடுநாள் மஞ்சளுக்குப் பழகிய பவளத்தின் மேல் ஒரே நாளில் முழு ஒளி இறங்கினால் அது வெளுத்துவிடும். முதலில் கால் பங்கு கார்பன் போட்டு, விளக்கு நேரத்தையும் குறையுங்கள்.

மஞ்சள் கண்ணில் படாததற்கு இன்றைய ரசனையும் ஒரு காரணம். மெட்டல் ஹாலைட் விளக்கின் வெள்ளை ஒளியில் அழுக்கு நீர் அழுக்காகவே தெரிந்தது. இப்போது காலை முதல் இரவு வரை நீல எல்இடி மட்டுமே. அதன் கீழ் மஞ்சள் நீர் சற்று மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். பவளங்கள் பளபளக்கின்றன, படம் எடுத்துப் போடுகிறார்கள், நீரை யாரும் பார்ப்பதில்லை. வாரம் ஒருமுறையாவது வெள்ளை விளக்கைப் போட்டு, தொட்டியின் நீளவாக்கில் ஒரு முனையிலிருந்து மறுமுனையைப் பாருங்கள். ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் அட்டையில் பாதிக்கு வெளிர்மஞ்சள் பூசி அந்த மறுமுனையில் நிறுத்துங்கள். இரு பாதிகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் அன்றே கார்பனை மாற்றுங்கள்.