சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கிதார்

பூந்தமல்லி தாண்டி, திருமழிசை தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் குத்தம்பாக்கம். புதுப் பேருந்து நிலையம் பற்றிய செய்திகளால் ஊர்ப் பெயர் இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மனை விற்கிறவர்களுக்கு அதற்கு முன்பே தெரியும். நான் போனது மனை பார்க்க அல்ல, ஒரு சுவரைப் பார்க்க.

1997ல் தமிழக அரசு சமத்துவபுரம் திட்டத்தை அறிவித்தது. நூறு வீடுகள், எல்லா சாதிக்காரர்களும் கலந்து ஒரே இடத்தில் குடியிருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. குத்தம்பாக்கத்தில் அப்போது ஊராட்சித் தலைவர் இளங்கோ. வேதிப் பொறியியல் படித்து, நல்ல வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பி, 1996 தேர்தலில் ஜெயித்தவர். அவர் ஒரு படி மேலே போனார். தனித்தனி வீடு வேண்டாம், இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டுவோம், நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு தலித் குடும்பம், அந்தப் பக்கம் வேறு சாதிக் குடும்பம் என்றார். கட்டியும் விட்டார்கள்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மாவிடம், "எப்படிம்மா இருக்கு?" என்றேன். பேட்டிக்காரன் கேட்கும் அசட்டுக் கேள்விதான். அவர் அதைவிடப் புத்திசாலி. "என்னா இருக்கு? நடுச் செவுரு ஒண்ணு. அவங்க வூட்ல மிக்ஸி போட்டா எங்களுக்குக் கேக்கும். எங்க வூட்ல சண்ட போட்டா அவங்களுக்குக் கேக்கும்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் காதில் மாட்டியிருந்தது ஆல்பர்ட் கிங்கின் 'பார்ன் அண்டர் எ பேட் சைன்'. மெம்ஃபிஸ் நகரத்தில், இதே மாதிரி ஒரு பொதுச்சுவர் ஏற்பாட்டில் உருவான ஆல்பம். அதனால் இந்த வாரம் உங்களுக்கு ப்ளூஸ், சோல். பயப்படாதீர்கள், சுருக்கமாகத்தான் இலக்கணம் சொல்வேன்.

ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பர்களின் பாட்டு. ஒரு வரி பாடுவான், அதையே இன்னொரு தடவை பாடுவான், மூன்றாவது வரியில் பதில் சொல்வான். நம் ஒப்பாரிக்குச் சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒப்பாரியில் இல்லாத நக்கல் இதில் உண்டு. மிசிசிப்பி பருத்திக் காட்டிலிருந்து பிழைப்புத் தேடி சிகாகோவுக்கு ரயிலேறினவர்கள், அங்கே மதுக்கடை இரைச்சலில் சாதா கிதார் எடுபடாமல் எலெக்ட்ரிக் கிதாருக்கு மாறினார்கள். மட்டி வாட்டர்ஸ் 1943ல் போனார். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் பக்கத்தில் நின்று பேசிப் பழகினவருக்குக் குரல் தானாக உயர்ந்துவிடும் அல்லவா, அது போலத்தான் எலெக்ட்ரிக் ப்ளூஸ்.

சோல் என்பது சர்ச்சில் கர்த்தருக்குப் பாடிய குரலை அப்படியே எடுத்துக் காதலிக்குப் பாடுவது. ஆழ்வார்கள் காதல் பாட்டின் முறையை எடுத்துப் பெருமாளுக்குக் கொடுத்தார்கள். இவர்கள் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இலக்கணம் முடிந்தது.

மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் என்று ஒரு ரெக்கார்டு கம்பெனி. பெயருக்கு ஆழமான அர்த்தமெல்லாம் கிடையாது. தம்பி ஜிம் ஸ்டூவர்ட், அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன், இருவர் பெயரிலும் முதல் இரண்டு எழுத்து. இருவரும் வெள்ளையர்கள். தம்பி பேங்க் உத்தியோகம், ஓய்வு நேரத்தில் ஃபிடில். ரெக்கார்டிங் மெஷின் வாங்க அக்கா தன் வீட்டை அடமானம் வைத்தார். இடம், மூடிக்கிடந்த ஒரு சினிமா தியேட்டர். நாற்காலிகளைப் பிடுங்கினார்கள். தியேட்டர் தரை திரையை நோக்கிச் சரிந்திருக்கும் இல்லையா, அதைச் சமன் செய்யவில்லை. பாப்கார்ன் விற்ற முன்பகுதியில் அக்கா இசைத்தட்டுக் கடை போட்டார். அங்கே வந்த பேட்டைப் பிள்ளைகளிடம் புதுப் பாட்டைப் போட்டுக் காட்டி, பிடிக்கிறதா என்று கேட்பார். மார்க்கெட் ரிசர்ச் என்று கல்லூரியில் எங்களுக்கு ஒரு தாள் முழுக்க நடத்தியதை அந்த அம்மாள் கல்லாவில் உட்கார்ந்தே முடித்தார்.

பேட்டை கறுப்பர் பேட்டை. சரிவான தரையில் வந்து உட்கார்ந்து வாசித்த நிலைய வித்வான்கள் நாலு பேர். ஆர்கன் புக்கர் டி. ஜோன்ஸ், டிரம்ஸ் ஆல் ஜாக்ஸன் இருவரும் கறுப்பர்கள். கிதார் ஸ்டீவ் க்ராப்பர், பேஸ் கிதார் டக் டன் இருவரும் வெள்ளையர்கள். நிறப் பாகுபாடு ஊறிப்போயிருந்த 1960களின் மெம்ஃபிஸில், இரண்டு நிறத்தவரும் நிம்மதியாகச் சேர்ந்து உட்காரக்கூடிய இடங்கள் சொற்பம். லொரைன் மோட்டல் அதில் ஒன்று. க்ராப்பர் அங்கே அறை போட்டு உட்கார்ந்து, கறுப்பினப் பாடகர்களோடு சேர்ந்து பாட்டு எழுதியிருக்கிறார். அந்த மோட்டலின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆல்பர்ட் கிங்குக்கு வருகிறேன். ஆஜானுபாகு. புல்டோசர் ஓட்டிப் பிழைத்தவர். இடது கைக்காரர். வலது கைக்காரர்களுக்கான கிதாரைத் தந்திகூட மாற்றாமல் அப்படியே திருப்பிப் பிடித்து வாசிப்பார். மற்றவர்கள் மேலே தள்ளும் தந்தியை இவர் கீழே இழுப்பார். அந்தப் பலத்தில் ஒரு ஸ்வரம் வளைந்து வளைந்து, இதற்கு மேல் போகாது என்று நாம் நினைக்கிற இடத்தையும் தாண்டிப் போகும். நாதஸ்வரக் கமகம் கேட்டுப் பழகின காதுக்கு இது உடனே பிடிபடும். அதிகம் வாசிக்க மாட்டார். நாலு ஸ்வரம், ஒரு மௌனம், மறுபடி அதே நாலு. வேகமாக வாசிப்பதுதான் திறமை என்று நினைக்கிற கிதார் பிள்ளைகள் எல்லோருக்கும் இதை மூன்று வேளை கொடுக்க வேண்டும்.

1966, 67ல் தனித்தனியாகப் பதிவு செய்த பாட்டுகளைத் தொகுத்த ஆல்பம் இது. இதன் விசேஷம், ப்ளூஸ்காரர் முன்னால் நிற்க, பின்னால் அடிப்பது சோல் கோஷ்டி. தலைப்புப் பாட்டை எழுதியவர்கள் புக்கர் டி. ஜோன்ஸும் வில்லியம் பெல்லும். விஷயம், ராசி சரியில்லாதவன் கதை. ஏழரைச் சனி மெம்ஃபிஸிலும் உண்டு. பாட்டுக்குக் கீழே ஓடும் அந்த பேஸ் கிதார் வரியை ஒரு தடவை கேட்டால் ஒரு வாரம் குளிக்கும்போது வரும். இங்கிலாந்தின் க்ரீம் குழு 1968ல் இந்தப் பாட்டைப் பாடியது. நம்மூரில் பலபேர் எரிக் க்ளாப்டன் வழியாகத்தான் இதைக் கேட்டிருப்பார்கள். தப்பில்லை. ஆனால் க்ளாப்டன் யாரைப் பார்த்து எழுதினார் என்று தெரிந்துகொண்டு கேட்பது நியாயம்.

அடுத்தது ஓட்டிஸ் ரெட்டிங். 'ஓட்டிஸ் ப்ளூ', 1965 ஜூலை. ஏறக்குறைய ஒரு நாளில் முழு ஆல்பமும் முடிந்தது. நடுவில் சில மணி நேரம் இடைவேளை. கலைக் காரணம் ஒன்றுமில்லை. வாத்தியக்காரர்களுக்கு அன்று ராத்திரி க்ளப்பில் கச்சேரி இருந்தது, போய் வாசித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். அந்தக் களைப்பும் சூடும் ஆல்பத்தில் கேட்கும். அதற்கு முந்தின டிசம்பரில் செத்துப்போன சாம் குக்கின் பாட்டுகள் மூன்றைப் பாடியிருக்கிறார். பி.பி. கிங் பாட்டு ஒன்று. ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' கூட இருக்கிறது. கிதார் வாசித்த இடத்தை ட்ரம்பெட்டும் சாக்ஸும் பிடித்துக்கொண்டதில், இது முதலிலிருந்தே இவர் பாட்டுதானோ என்று சந்தேகம் வரும். 'ரெஸ்பெக்ட்' அவர் எழுதியது. அதை 1967ல் அரீத்தா ஃப்ராங்க்ளின் பாடினார். ஓட்டிஸின் பாட்டில், வீடு திரும்பும் கணவன் மரியாதை கேட்கிறான். அரீத்தா அதைப் பெண் கேட்பதாக மாற்றியதும் பாட்டு அவருடையதாகிவிட்டது. உரிமை மட்டும் ஓட்டிஸுக்கு.

அந்தப் பெரியம்மாவிடம் இதில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினேன் என்று சொன்னால் நம்புவீர்களா? ஹெட்ஃபோனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டார். "சாமி வந்தவன் மாதிரி கத்தறான்" என்றார். சோல் இசைக்கு இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

இப்போது கொஞ்சம் கணக்கு. பி.காம். படித்த பாவம், இந்த இடத்தில் என்னால் சும்மா இருக்க முடியாது.

ஸ்டாக்ஸின் தட்டுகளை நாடு முழுக்க விநியோகித்தது நியூயார்க்கின் அட்லாண்டிக் கம்பெனி. ஆரம்பத்தில் கைகுலுக்கல் ஒப்பந்தம்தான். அட்லாண்டிக்கை விற்றுவிட்டால் நம் கதி என்ன என்று பயந்து ஜிம் ஸ்டூவர்ட் 1965ல் எழுத்து மூலம் கேட்டார். காகிதம் வந்தது. வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போட்டார். பேங்கில் வேலை பார்த்தவர்! 1967ல் அட்லாண்டிக் கைமாறியது. அடுத்த வருஷம் காகிதத்தைப் பிரித்துப் படித்தபோதுதான் தெரிந்தது, அவர்கள் விநியோகித்த அத்தனை பதிவுகளின் மூலப் பிரதிகளும் அட்லாண்டிக்குக்கே சொந்தம் என்று. பாதுகாப்புக்காகக் கேட்டு வாங்கின காகிதமே தூக்குக் கயிறாகிவிட்டது. கடை இருக்கிறது, போர்டு இருக்கிறது, சரக்கு பூராவும் அடுத்தவன் பெயரில்.

அந்த ஐந்தாறு மாதங்களில் சனி வேறு பக்கமும் வேலை செய்தது. 1967 டிசம்பர் 10, ஓட்டிஸ் ரெட்டிங் போன சிறு விமானம் விஸ்கான்சினில் ஏரியில் விழுந்தது. வயது 26. கூடவே பார்-கேஸ் என்ற இளம் கோஷ்டியில் பெரும்பாலானவர்களும் போனார்கள். 1968 ஏப்ரல் 4, மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். இடம், லொரைன் மோட்டல்.

அதற்குப் பிறகு ஸ்டூடியோவில் பழைய சகஜம் இல்லை என்று அந்த வித்வான்களே சொல்லியிருக்கிறார்கள். இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு தகராறு. ஸ்டாக்ஸைப் பற்றி எழுதும் பலரும், உள்ளே நிறமே கிடையாது, எல்லோரும் அண்ணன் தம்பி என்று உருகுவார்கள். நிறம் இல்லாமல் போகவில்லை. முதலாளிகள் யார், பாடினவர்கள் யார் என்று பாருங்கள். கறுப்பரான ஆல் பெல் 1965ல் வந்து சேர்ந்து மேலே வர ஆரம்பித்த பிறகுதான் நிர்வாகத்தில் அந்தக் கணக்கு மாறியது. நான் சொல்வது, உத்தமர்கள் இல்லாமலே அந்த ஏற்பாடு பல வருஷம் நடந்தது, அதில் இவ்வளவு நல்ல சத்தம் வந்தது என்பதுதான். குத்தம்பாக்கத்துப் பெரியம்மாவும் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டைப் பற்றி உருகவில்லை, மிக்ஸி சத்தம் என்றுதான் சொன்னார்.

சரக்கில்லாத கடையை நிரப்ப ஆல் பெல் ஒரு காரியம் செய்தார். 1969ல் இருபத்தேழு ஆல்பங்களை ஒரே வீச்சில் இறக்கினார். பல ஆல்பங்கள் அவசர சமையல். ஆனால் கும்பலில் ஒன்று, ஐசக் ஹேய்ஸின் 'ஹாட் பட்டர்டு சோல்'. மொத்தம் நாலே பாட்டு. ஒன்று பன்னிரண்டு நிமிஷம், ஒன்று பதினெட்டு நிமிஷத்துக்கு மேல். அந்த நீளப் பாட்டில் பாடத் தொடங்குவதற்கு முன் மனுஷன் சாவகாசமாகக் கதை பேசிக்கொண்டே இருப்பார். கதாகாலட்சேபம்தான். பொறுமை இல்லாதவர்களுக்கு எரிச்சல் வரும். எனக்கும் முதல் தடவை வந்தது. மூன்றாவது தடவையில் விழுந்தேன். கம்பெனியை அப்போதைக்குக் காப்பாற்றியது அந்த ஆல்பம். 1975 டிசம்பரில் திவால் ஆனதை அதனாலும் தடுக்க முடியவில்லை. 1989ல் தியேட்டரையும் இடித்தார்கள். 2003ல் அதே இடத்தில் மியூசியம் கட்டினார்கள். இடித்துவிட்டு மியூசியம் கட்டுவது நம்மூருக்கு மட்டும் உரிய வழக்கமில்லை என்பதில் ஒரு அல்ப திருப்தி.

மெம்ஃபிஸுக்கு வெளியே? பி.பி. கிங்கின் 'லைவ் அட் த ரீகல்', 1964ல் சிகாகோ தியேட்டரில் பதிவானது. பாட்டுக்காரரும் ஜனங்களும் பேசிக்கொள்வதற்காகவே கேட்கலாம், பெண்கள் கூச்சலிடும் இடங்கள் எல்லாம் சரியான தாளத்தில் விழும். மேஜிக் சாமின் 'வெஸ்ட் சைட் சோல்', 1967. ப்ளூஸ் கிதாரும் சோல் குரலும் ஒரே ஆளிடம். 32 வயதில் போய்விட்டார். மற்றதெல்லாம் பிறகு.

இந்தியாவில் இதெல்லாம் உண்டா என்றால், ஷில்லாங்குக்குப் போக வேண்டும். சோல்மேட் என்று ஒரு குழு, 2003ல் தொடங்கியது. கிதார் ரூடி வாலங், குரல் டிப்ரிட்டி கார்பங்கர். முதல் ஆல்பத்துக்கு ஊர்ப் பெயரே தலைப்பு, 'ஷில்லாங்', 2005. அடுத்து 2009ல் 'மூவிங் ஆன்'. 2007ல் சர்வதேச ப்ளூஸ் போட்டிக்கு இந்தியாவிலிருந்து போனார்கள். போட்டி நடந்த ஊர் மெம்ஃபிஸ்! டிப்ரிட்டியின் குரலில் அமெரிக்க வேஷம் இல்லை. கரகரப்பு அவருடைய சொந்தக் கரகரப்பு. ரூடியின் கிதார் மரியாதை தெரிந்த கிதார், குரல் வரும்போது ஒதுங்கி நிற்கும். சில பாட்டுகளில் வரிகள் சாதாரணம்தான், மறைக்க மாட்டேன். இரண்டில் ஒன்று என்றால் 'மூவிங் ஆன்'. பதிவு சுத்தமாக இருக்கும்.

சென்னையில் 2018 ஜனவரியில் கானா, பறை, எலெக்ட்ரிக் கிதார் எல்லாவற்றையும் ஒரே மேடையில் ஏற்றிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பற்றி ஒரு முழு வாரம் எழுத வேண்டும். அதை இங்கே ஒரு வரியில் முடித்தால் உதை விழும்.

ஆல்பர்ட் கிங்கில் ஆரம்பியுங்கள். போனில் இருக்கும் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பேஸ் கிதார் காணாமல் போய்விடும், டக் டன் அழுவார். ஐசக் ஹேய்ஸை இரவு பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்கவில்லை என்றால் எழுதுங்கள். திட்டுவதற்குப் போஸ்ட் கார்டு போதும்.