இரட்டை ஆம்ப்ளிபயரும் நாகஸ்வர நாதமும்

ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபரை ஓர் ஆம்ப்ளிபயராலும் உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டரை மற்றோர் ஆம்ப்ளிபயராலும் இயக்கும் 'பை-ஆம்பிங்' முறை, உயர்தர ஒலிக்கருவி ஆர்வலரிடையே கௌரவச் சின்னமாகிவிட்டது. ஸ்பீக்கரின் முதுகில் உற்பத்தியாளரே நான்கு முனைகளை வைத்திருக்கிறாரே என்பது இதன் ஆதரவாளர்கள் எடுத்துவைக்கும் வாதம். காவிரிப் படுகையின் நாகஸ்வரத்தையும் தவிலையும் வீட்டுக் கூடத்தில் கேட்க விழைவோருக்கு இவ்வாதம் போதாது.

ஒலிச் சமிக்ஞை ஆம்ப்ளிபயருக்குள் நுழையுமுன்பே, அதிர்வெண்களைப் பகுக்கும் மின்னணு கிராஸ்ஓவர் அதைப் பிரித்துவிடுமானால் இம்முறை சிறந்ததே, அதில் ஐயமில்லை. ஆனால் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது, பெட்டிக்குள் உள்ள கிராஸ்ஓவரை அப்படியே விட்டு, முனைகளை இணைக்கும் உலோகத் தகடுகளை மட்டும் கழற்றிவிட்டு, இரண்டாவது ஆம்ப்ளிபயரைச் சேர்ப்பதுதான். மின்னோட்டச் சுமை பங்கிடப்படுவதால் வலுக்குறைந்த ஆம்ப்ளிபயருக்குச் சிறிது ஆறுதல் கிட்டும். எனினும் இரண்டுமே முழு அலைவரிசைக்குரிய மின்னழுத்தத்தைத் தர வேண்டியிருப்பதால், தவிலின் தொப்பி என்னும் முகத்தில் கழி விழும் பலத்த அடியில் ஒலி சிதையத் தொடங்கும் எல்லை ஏறத்தாழ பழைய இடத்திலேயே நிற்கிறது.

இதனினும் பெரிய குறை, இரு ஆம்ப்ளிபயர்களின் பெருக்க அளவு ஒத்திருக்கிறதா என்று பெரும்பாலோர் பாராததுதான். மேலே வால்வு, கீழே டிரான்சிஸ்டர் என்று கலந்து வைத்து, வூஃபருடையது 26 டெசிபலும் ட்வீட்டருடையது 29 டெசிபலும் பெருக்குமானால், ஸ்பீக்கரை வடிவமைத்தவர் பல மாதம் உழைத்து அமைத்த சமநிலை 3 டெசிபல் சாய்ந்துவிடுகிறது. செவி மிகக் கூர்மையாக உணரும் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் பல ஸ்பீக்கர்களில் வூஃபரும் ட்வீட்டரும் பிரியும் எல்லையும் அமைகிறது. நாகஸ்வரத்தின் மேற்சுரங்கள் செறிந்திருப்பதும் அங்கேதான். தோடி ராகத்தின் காந்தாரம் அசையும்போது அம்மேற்சுரங்கள் அவ்வெல்லையை மேலும் கீழும் கடந்து செல்ல, ஒரே ஊதலின் நிறம் கமகத்தின் நடுவிலேயே மாறுகிறது. நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பாரி நாயனம் என்னும் நீண்ட நாகஸ்வரத்தைக் கைக்கொண்டு தேடிய கனம் கரைந்து, ஊதும் முனையான சீவாளியின் கீச்சொலி முன்னே வந்து நிற்கிறது. இந்தச் சாய்வைத்தான் பலர் 'தெளிவு' என்று போற்றுகிறார்கள். அது தெளிவன்று, பிழை. ராஜரத்தினம் பிள்ளையின் பழைய 78 சுழற்சி இசைத்தட்டுகளிலோ மிக உயர்ந்த அதிர்வெண்கள் பதிவாகவே இல்லை. அவற்றில் இரண்டாவது ஆம்ப்ளிபயர் உரக்கச் சொல்வது ஊசியின் இரைச்சலையே.

சுவரும் கிரானைட் தரையும் ஒலியை எதிரொலிக்கும் கூடத்தில் இப்பிழை செவியை இன்னும் உறுத்தும். இரண்டாவது ஆம்ப்ளிபயரின் விலையில் ஒரு பகுதியே கனத்த திரைகளுக்கும் தடித்த விரிப்புகளுக்கும் போதும், பலன் அதிகம்.

ஏற்கெனவே இம்முறையைக் கைக்கொண்டிருப்போர், 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு இரு ஆம்ப்ளிபயர்களின் வெளியீட்டையும் மல்டிமீட்டரால் அளந்து பார்க்க வேண்டும். அளவுகள் ஒத்துவராவிடில், கழற்றிய தகடுகளை மீண்டும் மாட்டி ஓர் ஆம்ப்ளிபயரோடு கேட்பதே முறை.